வெண்திரைக்குள் ஒரு கடல்நீரேரி

நிலத்தை ஐந்திணையாக வகுத்த நம் முன்னோர் ஒவ்வொரு திணைக்கும் ஒரு சிறுபொழுதை உரிமையாக்கிச் சென்றனர். கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர்கள் கொடுத்தது எற்பாடு; வைகறையை வயல்சூழ்ந்த மருதத்துக்கே வழங்கிவிட்டனர். வகுப்பறையில் ஆண்டுதோறும் இதனைக் கற்பித்து வரும் எனக்கு இலக்கணத்தோடு வழக்காடும் எண்ணம் இல்லை. ஆயினும், தை மாதத்து வைகறையிலே கமெராவும் கையுமாகப் பண்ணைத் தாம்போதியில் நின்று, பரவைக்கடலும் வானமும் ஒரே வெள்ளைத் துணியாய் விரிந்து கிடக்கக் கண்டவர் எவரும், நெய்தலுக்கும் அப்பொழுதில் ஒரு சிறு பங்கு கேட்கவே செய்வர்.

இப்பொழுது கைத்தொலைபேசி வைத்திருப்போர் யாவரும் கமெரா வைத்திருப்போரே. ஆகவே தை பிறந்ததும் எம் மாணவர் பனிப் படங்களைக் குவித்துக்கொண்டு வருகின்றனர். அவற்றுட் பல வெறும் சாம்பல் நிறத் தாள்கள் போல இருக்கின்றன. சில உண்மையிலே அழகியவை. அழகியவற்றிலும் எனக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. அதனைப் பின்னர் சொல்கின்றேன். முதலில் சாம்பற் படங்களைப் பற்றிப் பேசுவோம்.

தமிழில் 'பனி' என்னும் ஒரு சொல்லுக்குள் நாம் பலவற்றை அடக்கி வைத்திருக்கின்றோம். புல்நுனியில் தொங்கும் துளியும் பனி. நுவரெலியாவிலே சில விடியல்களிற் புற்றரைமீது வெண்மையாக உறைந்து கிடப்பதும் பனி. கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி. வளிமண்டலவியலாருக்கு இத்தகைய தாராள மனம் இல்லை. 1000 மீற்றருக்கு அப்பாலுள்ள பொருள் கண்ணுக்குத் தெரியாது போனாற்றான் அவர்கள் அதனை மூடுபனி என்பர். அதற்கு மேலும் பார்வை செல்லுமாயின் அது வெறும் மென்மூட்டம்.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின்னர், தை, மாசி மாதங்களில் யாழ்ப்பாணத்து மண் இன்னும் ஈரம் காயாதிருக்கும். வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர்கின்றது. நிலத்தைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகின்றது. ஒரு துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்களவே. இவ்வாறு வயல்வெளியிலும் தோட்டங்களிலும் பிறந்த மூட்டம் மெல்ல நகர்ந்து நீர்ப்பரப்பின் மேலும் படர்கின்றது. கடல்நீரேரியோ நானூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையதாயினும் பெரும்பாலான இடங்களில் ஓரிரு மீற்றர் ஆழமே உள்ளது. அந்நீர் விடியற்காலத்தில் தன்மேல் வந்து தங்கும் காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருப்பதனால், அதிலிருந்து எழும் ஆவி, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பானையின் ஆவிபோல நெளிந்து எழுவதும் உண்டு. முதலாவது, போர்வை, இரண்டாவது, முழங்கால் உயரத்தில் ஆடுகின்ற மெல்லிய திரை. படம்பிடிப்போருக்கு இவ்விரண்டும் வெவ்வேறு விருந்துகள்.

முதல்நாள் மாலையிலே வானத்தைப் பார்த்து நாளைய பனியை ஓரளவு மதிப்பிடலாம். மேகமற்ற அந்தி, அசையாத பனையோலை, இரவு ஒன்பது மணிக்கே துவிச்சக்கரவண்டியின் இருக்கை நனைந்திருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விடியற்காலம் நாலரை மணிக்கு எழும்புவது வீண்போகாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சூரியன் எழுந்தவுடன் பனி கலைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், முதல் இளவெயில் நிலத்திற் படும்போது பனித்துளிகள் ஆவியாகியும் கீழ்க்காற்று சற்றே கலங்கியும் மூட்டம் சிறிது நேரத்துக்கு முன்னிலும் தடித்துவிடுவது உண்டு. அதன் பின்னரே அது கிழிந்து உயர்கின்றது. அந்த அரைமணி நேரத்தில் வீடு திரும்புபவர் சோற்றை வடித்து வைத்துவிட்டுப் பசியோடு படுப்பவரைப் போன்றவர்.

வெண்மையாய்த் தெரிவதெல்லாம் பனியாகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2022ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் வாரத்தின் பின், மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்த நாள்களில், இந்தியப் பெருநிலத்தின் மாசடைந்த காற்று எம் வானத்தை மூடியது. அம்மாதம் 9ஆம் திகதி அரசாங்கப் பாடசாலைகளுக்கு விடுமுறையும் விடப்பட்டது. அம்மூட்டத்தைப் பனியென்று நம்பிக் கரையிற் காத்திருந்தோரும் உண்டு. வேறுபாட்டைக் கண்ணே சொல்லும். பனித்துளி ஒளியலையைவிடப் பன்மடங்கு பெரிதாதலின் எல்லா நிறங்களையும் ஒருபடித்தாகச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றும். புகையின் நுண்துகள் நீலத்தையே மிகுதியாகச் சிதறடிக்கும். ஆதலின் தூரத்து மரங்கள் நீலம்பாரிக்க, சூரியன் பழுப்பேறிய செம்மஞ்சளாகத் தெரியும். அன்றியும், பனி பகலேறக் கலையும். புகை நண்பகலிலும் நிற்கும். புகைநாளில் கமெராவை விட மூக்கையும் வாயையும் பேணுவதே அறிவுடைமை.

இனிப் படத்துக்கு வருவோம். பனிப்படத்தின் இரகசியம் முழுவதும் தூரத்தில் இருக்கின்றது. கொஸ்மீடர் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1924ஆம் ஆண்டில் இதற்கொரு விதி வகுத்தார். கணித பாட மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பனிக்குள்ளே நூறு மீற்றர் தூரத்தில் ஒரு கம்பத்தின் கருமை பாதியாகக் குறைகின்றது என்று கொள்வோம். இருநூறு மீற்றரில் அது காற்பங்காகும், முந்நூறில் அரைக்காற்பங்காகும், அறுநூறை அணுகும்போது கண்ணுக்கு முற்றாக மறைந்துபோகும். ஆகவே வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழம்பித் தெரியும் பொருள்களைப் பனி தானாகவே முன்னும் பின்னுமாகப் பிரித்து அடுக்கித் தருகின்றது. எம் பரவைக்கடலில் இதற்கென்றே அமைந்ததுபோல ஒரு பொருள் உண்டு, அதுவே களங்கண்டி. வரிசையாக நட்ட கம்புகளில் வலையைக் கட்டி, மீனையும் இறாலையும் வழிமறித்து ஓரிடத்தில் அடைக்கின்ற அந்தப் பொறி, கரையிலிருந்து பார்ப்போருக்கு ஓர் அளவுகோல் போல நீருக்குள் நீண்டு செல்லும். அண்மைக் கம்பு கருமை, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது பாலில் கரைந்த மை, பின்னர் ஒன்றுமில்லை.

இந்த அடுக்கைக் காணாமல் எங்கும் ஒரே தூரத்திலுள்ள பொருளையே பிடித்தால் சாம்பற் படம்தான் கிடைக்கும். இருபது மீற்றருக்குள் ஒரு வள்ளமோ கட்டுத்தறியோ இருத்தல் வேண்டும். அதற்கப்பால் ஒன்று, அதற்கும் அப்பால் பாதி மறைந்த ஒன்று. அவ்வளவு போதும். நாலாவதொரு பொருளைச் சேர்க்க ஆசைப்படுபவர் பனியின் உதவியைப் புறக்கணிக்கின்றார்.

சாம்பல் நிறத்துக்கு மற்றொரு காரணம் கமெராவின் பேதைமை. அதன் ஒளிமானி, தான் காணும் உலகம் எப்பொழுதும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணும்படி செய்யப்பட்டது. வெண்பனியைக் கண்டதும் 'ஒளி மிகுந்துவிட்டது' என்று அஞ்சி அதனைக் குறைத்துவிடுகின்றது. எனவே மானி காட்டுவதிலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒளியை நாமே கூட்டிக் கொடுத்தல் வேண்டும். கைத்தொலைபேசியிலும் இதற்கு வழியுண்டு: திரையைத் தொட்டால் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தல் போதும். அத்தொலைபேசியே தானாகப் படத்தைத் 'திருத்தி', மங்கலைக் களைந்து, கோடுகளைக் கூராக்கித் தருவதும் உண்டு. பனியைக் களைந்துவிட்டுப் பனிப்படம் தருகின்ற அவ்வுபகாரத்தை நிறுத்திவைப்பது நன்று. மின்னொளியை ஒருபோதும் பயன்படுத்தலாகாது; முன்னிற்கும் துளிகளே ஒளிர்ந்து படத்தை மறைத்துவிடும். தானியங்கிக் குவியம் பனியிலே பற்றுக்கோடின்றி முன்னும் பின்னும் தடுமாறும். வள்ளத்தின் அணியத்தையோ கம்பின் ஓரத்தையோ குறிவைத்துக் கையாற் குவித்தல் சிறந்தது. குளிரூட்டிய அறையிலிருந்து கமெராவை நேராக வெளியே கொண்டுவந்தால் வில்லையில் நீர்ப்படலம் படியும். புறப்படுவதற்கு அரைமணி முன்னர் பையோடு அதனை விறாந்தையில் வைத்துவிடுக. கடலோரத்து ஈரத்தில் உப்பும் உண்டாதலின், வீடு வந்ததும் ஈரத்துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் துடைத்தல் அவசியம்.

இடங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். தை மாதத்திற் சூரியன் நேர்கிழக்கில் எழாது, ஏறத்தாழ 20 பாகை தெற்கே ஒதுங்கி எழுகின்றான். ஆகையால் கொழும்புத்துறை இறங்குதுறையில் நிற்பவருக்கு அவன் நீர்ப்பக்கமாகவே தோன்றுவான். பனிக்குள் அவன் ஒரு வெள்ளித்தட்டு. பண்ணையில் ஒல்லாந்தர் கோட்டையின் மதில் பாதி தெரிந்தும் பாதி தெரியாதும் நிற்கும் காட்சி யாவரும் அறிந்ததே. அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டதும் அதுவே. எனக்கு வல்லைவெளிதான் விருப்பம். தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியின் மேலே செல்லும் பாலத்தின் இருமருங்கும் மரமோ வீடோ இல்லாத வெளியாதலின், நீரில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு நாரையே படம் முழுவதையும் தாங்கிக்கொள்ளும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர்நடுவில் அமைந்த கடற்கோட்டை, பனி கலைகின்ற வேளையில் நீரைத் தொடாமல் மிதப்பது போலத் தோன்றும். மலையகத்து அன்பர்களுக்கு எம்மைப்போலத் தை மாசிக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. 1873இல் அமைக்கப்பட்ட நுவரெலியாக் கிரகரி வாவி பலருக்குத் தெரியும். ஆயினும், மஸ்கெலியாவின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும் காலங்களில், 1960களின் இறுதியில் மூழ்கிப்போன பழைய பட்டினத்தின் வழிபாட்டிடங்கள் வெளியே தலைகாட்டுகின்றன. அவற்றின்மேல் காலைப்பனி இறங்கும்போது பிடித்த படத்துக்கு அழகோடு வேறொரு கனமும் உண்டு.

அந்தக் கனம் என்னவென்பதே எனது குறையின் தொடக்கம். அதனைச் சொல்வதற்கு முன் இங்கிலாந்துக்கு ஒருமுறை சென்று வரவேண்டியிருக்கின்றது.

அந்நாட்டின் கிழக்கே நோபோக் என்னும் பகுதியில், பரவைக்கடலைப் போன்ற ஆழமற்ற நன்னீர் ஏரிகளும் நாணற் சதுப்புகளும் உள்ளன. கியூபாத் தீவிலே 1856இல் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் கற்ற பீற்றர் ஹென்றி எமர்சன் என்பவர், வைத்தியத்தை விட்டுக் கமெராவோடு அங்கே போய்ச் சேர்ந்தார். 1886ஆம் ஆண்டுக்குரிய அவரது முதல் நூலில், குடால் என்னும் ஓவியரோடு சேர்ந்து, 40 பிளாற்றினப் படங்களை வெளியிட்டார். நாணல் அறுப்போர், வலை வைப்போர், சதுப்பிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளர் ஆகியோர் அப்படங்களில் அருகிலே, தத்தம் கருவிகளோடு நிற்கின்றனர். பின்னர் 'பனிமங்கை' என்று பொருள்படும் பெயருடைய பாய்மரப் படகொன்றிலேயே குடியிருந்து அந்நீர்நிலைகளைச் சுற்றினார். 1895இல் வெளிவந்த 'சதுப்பு இலைகள்' என்ற அவரது கடைசிப் படநூலில் 16 படங்கள். பெரும்பாலும் வெண்பனி, ஒரு மொட்டை மரம், எங்கோ ஒரு புள்ளியாய் ஒரு மனிதன். நீர்க்கரைப் பனியை அதைவிட நுட்பமாகப் பிடித்தவர் அரிது. கலைநயம் நோக்குவோர் அந்தக் கடைசி நூலையே அவருடைய சிகரம் என்பர். நான் மறுக்கவில்லை. ஆனால் நோபோக் சதுப்பிலே மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அறிய விரும்புபவர் முதல் நூலைத்தான் திறக்கின்றார்.

எம் மாணவரின் அழகிய பனிப்படங்களில் நான் காணும் குறையும் இதுவே. அவற்றில் ஒரு வள்ளம் இருக்கும். அதிலே கோலூன்றி நிற்கும் ஓர் உருவம் இருக்கும். அவ்வுருவத்துக்கு முகம் இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. கம்பும் நாரையும் போல அவரும் படத்துக்கு ஓர் அணிகலனாகிவிடுகின்றார். அவருக்கோ அந்தப் பனி அழகன்று, இடையூறு. குருநகர்க் கரையிலே மாணவன் ஒருவனுக்கும் முதியவர் ஒருவருக்கும் நடந்த உரையாடலை நான் அருகிலிருந்து கேட்டேன்.

"அப்பு, ஒரு படம் எடுக்கட்டோ?"

"எடு தம்பி. ஆனால் இந்தப் பனிக்குள்ளை எடுத்தா நான் ஆரெண்டு தெரியாதே?"

"அதுதான் அப்பு வடிவு."

"உனக்கு வடிவு. எனக்குக் கம்பெல்லோ தெரியேல்லை! என்ரை களங்கண்டியைத் தேடி அரை மணித்தியாலம் சுத்தினனான். ஆற்றையோ வலையிலை எஞ்சின் சுத்துப்பட்டிருந்தா நட்டத்தை ஆர் தாறது?"

மாணவன் நாணி நின்றான். முதியவரே மீண்டும் பேசினார்: "கோவிக்காதை, எடு. பனி விட்டாப் பிறகு முகம் தெரிய இன்னுமொண்டு எடுத்துத் தா. வீட்டிலை எங்கடை பழைய படம் ஒண்டுமில்லை. தொண்ணூற்றைஞ்சிலை வெளிக்கிடேக்கை விட்டிட்டு வந்தது, திரும்பிப் போகேக்கை வீடே இல்லை."

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, எத்தனை வீடுகளின் படத்தொகுப்புகள் அலுமாரிகளிலேயே தங்கிவிட்டன! அதற்கு முந்திய ஆண்டுகளில், தரைவழி அடைபட்டிருந்தபோது, இந்தக் கடல்நீரேரியே கிளாலியிலிருந்து இரவோடிரவாக மனிதரை ஏற்றிச் சென்ற வழியாகவும் இருந்தது. அந்தப் பயணங்களை யார் படம்பிடித்தார்? விளக்கே ஏற்ற அஞ்சிய வள்ளங்களில் கமெராவுக்கு இடம் ஏது? யாழ்ப்பாணத்துக்கு மின்கலம் கூடத் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. போர் 2009இல் முடியும்வரை கரையோரத்திற் கமெராவோடு நிற்பது தானே ஆபத்தை அழைப்பதாக இருந்தது. இன்று நாற்பதைக் கடந்திருக்கும் என்போன்றோர் இந்த நீருக்கு அருகிலே வளர்ந்தும், எம் இளமைக்காலத்து நீர்க்கரை எப்படி இருந்தது என்று காட்ட எம் கையில் ஒரு படமும் இல்லை. அக்காலத்தை மறைத்தது பனியன்று.

ஆதலின் இப்பொழுது கிடைத்திருக்கும் வாய்ப்பை வெறும் வெள்ளைத் திரைகளாக மட்டும் செலவிடுவது எனக்கு மனம் பொறுக்கவில்லை. பனிப்படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்காக நாலரை மணிக்கு எழும்புபவருள் நானும் ஒருவன். எங்கள் கல்லூரி மாணவருக்கு நான் விதித்திருப்பது ஒரு சிறு நிபந்தனைதான்: ஒரு மனிதரைப் பனிக்குள்ளே பிடித்தால், பனி விலகிய பின் அவரது இசைவு பெற்று, முகமும் கைக்கருவியும் தெளிவாகத் தெரிய இரண்டாவது படமொன்று பிடித்தல் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் முதற்படத்தையும் எவருக்கும் காட்டுதல் கூடாது. இரண்டு படங்களையும் தாளில் அச்சிட்டு அவர் வீட்டில் ஒரு பிரதி சேர்ப்பித்தல் வேண்டும். இந்நிபந்தனையால் மாணவருக்கு வேறொரு நன்மையும் விளைந்திருக்கின்றது. இரண்டாவது படத்துக்காக ஒரு மணி நேரம் காத்து நிற்பவர், எந்த வள்ளம் எப்பொழுது புறப்படும், எந்தக் கம்பு வரிசை எத்திசையில் நீளும், எவர் எங்கே வலையைக் கொட்டுவார் என்பவற்றை அறிந்துகொள்கின்றார். அடுத்த பனிநாளில் அவர் குருடர்போலத் தடவித் திரிவதில்லை. திரைக்குப் பின்னே என்ன இருக்கின்றது என்று தெரிந்தே நிற்கின்றார். அவருடைய முதற்படமும் சிறக்கின்றது.

குருநகர் முதியவரின் இரண்டாவது படமும் அவ்வாறே எடுக்கப்பட்டது. வலையிலிருந்து இறாலைக் கொட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக் கமெராவைப் பார்க்கின்றார். ஒளியமைப்பிலே குறைகள் பல உண்டு. நெற்றியில் வெயில் மிகுந்துவிட்டது. அவர் மனைவியார் அதனைச் சுவாமிப் படங்களுக்கு அடுத்தபடி மாட்டியிருப்பதாகக் கேள்வி. வெண்பனிப் படத்தை எங்கே வைத்தார்கள் என்று மாணவன் கேட்கவில்லை.

அச்சிட்ட படங்களைப் பேணுவது பற்றியும் ஒரு குறிப்பு. தொலைபேசி நீரில் விழுந்தால் அதிலுள்ள படங்களும் போய்விடும்; தாளிலே அச்சிட்டுப் பல வீடுகளில் இருக்கும் படம் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. படத்தின் பின்புறத்தில் இடம், திகதி, தொழில், பெயர் சொல்ல இசைந்தால் பெயர் ஆகியவற்றை எழுதுக. மைப்பேனை உதவாது, எம் ஊர் ஈரத்தில் மை பரவி மறுபுறத்திலும் ஊறும். மென்மையான பென்சிலே ஏற்றது. இக்காலத்துப் பளபளப்பான தாள்களிற் பென்சில் சரியாகப் பற்றாதாயின், விவரங்களை ஒரு காகித உறையின் மேல் முதலில் எழுதிவிட்டு, அதன் பின்னர் படத்தை அவ்வுறையில் இடுக. பொலித்தீன் பையில் மட்டும் வைக்காதீர்கள். ஈரம் உள்ளே சிக்கிப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாரி வருமுன் எடுத்து, நிழலில் ஒருமுறை காற்றாட வைத்தால் போதும்.